சாமி பெயரில் வாங்கிய கடைவீடு

லமோம் என்ற பெயரை நான் முதன்முதலில் கேட்டது என் கணவரின் சித்தி வாயிலிருந்து, அதுவும் வசவாக. நான் பின்கட்டில் மீன் அலசிக்கொண்டிருந்தேன். சித்தி வெயிலில் நடந்து வந்தவர், செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றார்.

"கேட்டியா சம்லி, அந்த லமோம் என்ன கேக்குறா தெரியுமா? தங்கம் வேணாமாம். பரிசத்துக்கு நிலம் வேணுமாம்."

"யாரு லமோம்?"

"அதான், நம்ம சமானுக்குப் பேசியிருக்கோமே, சந்தையில தேங்காப்பால் பலகாரம் விக்கிறவ. தங்கத்தை ஆம்பள அடகு வச்சிருவான், நிலத்தைத் தூக்கிட்டுப் போக முடியாதுன்னு என் மூஞ்சிக்கு நேரா சொல்றா. என் புள்ளையைத் திருடன்னு நெனச்சுட்டாளா?"

உள்ளே படுத்திருந்த என் கணவர், "சித்தி, அவ சமானை ஒரு தரம் நேர்ல பாத்திருக்கா போல," என்றார். சேவல் சண்டை நடக்கிற இடத்தில்தான் சமானை எப்போதும் பார்க்கலாம். சித்தி எங்கள் இருவரையும் திட்டிவிட்டுப் போனார்.

கடைசியில் நிலம்தான் கொடுத்தார்கள். பாங் புவா தோங் பக்கம் கால்வாயை ஒட்டிய ஒரு சதுப்புத் துண்டு. தவளைகள் மட்டும் குடியிருந்தன. பத்து வருடம் கழித்து வீட்டு மனை போடுகிறவன் ஒருவன் வந்து சித்தி நினைத்தே பார்க்காத விலைக்கு அதை வாங்கிக்கொண்டான். அன்றிலிருந்து லமோமுக்கு நிலம், வீடு என்றால் ஒரு பித்து. விடியற்காலையில் எழுந்து பானை பானையாகச் சர்க்கரைப் பாகு காய்ச்சுவாள், மத்தியானம் வரை விற்பாள், பிறகு குடையைப் பிடித்துக்கொண்டு எங்கே என்ன விற்கிறார்கள் என்று பார்க்கப் போவாள்.

அவளுக்கு ஒரே தம்பி, தவின். தாய் செத்தபோது அவளுக்குப் பதினேழு, அவனுக்கு ஆறு. அவள்தான் வளர்த்தாள். இருபது வயதில் தாய்க்குப் புண்ணியம் சேர்க்க மழைக்காலம் மூன்று மாதம் துறவு எடுத்தான். எல்லா வீட்டுப் பிள்ளைகளும் எடுப்பதுதான். மூன்று மாதம் முடிந்த அன்று லமோம் புதுச் சட்டையும் கால்சட்டையும் மடித்துக் கையில் வைத்துக்கொண்டு விகாரை வாசலில் நின்றாள். நானும் கூட இருந்தேன். அவன் காவித் துணியோடு வந்து நின்று, "அக்கா, நான் இங்கேயே இருந்துடறேன்," என்றான். அவள் அந்தத் துணிகளை என்ன செய்வது என்று தெரியாமல் என்னிடம் கொடுத்தாள். பிறகு தரையில் மண்டியிட்டு அவனைக் கும்பிட்டாள். அன்றிலிருந்து அவன் எங்களுக்கு அவர் ஆனார், சாமி ஆனார். பெற்ற தாயைப்போல் வளர்த்தவள் அதற்குப் பிறகு அவர் விரலைக்கூடத் தொட்டதில்லை. துறவியைப் பெண் தொடக் கூடாது.

எங்கள் பணம் பாட் மதிப்பு விழுந்த ஆண்டில் ஊரெல்லாம் கடன்பட்டு வீடுகளை விட்டு ஓடினார்கள். வங்கிகள் வரிசை வீடுகளை ஏலம் விட்டன. லமோம் கையில் பணம் இருந்தது. அடிமாட்டு விலைக்கு இரண்டு வீடு வாங்கினாள். ஒன்றை மூன்று வருடத்தில் விற்றாள். விற்ற அன்று நில அலுவலகத்திலிருந்து நேரே என் வீட்டுக்கு வந்து, தண்ணீர்கூடக் கேட்காமல் உட்கார்ந்துவிட்டாள்.

"சம்லி அக்கா, வித்த விலையில நூத்துக்கு மூணேகாலுக்கு மேல வரின்னு எடுத்துக்கிட்டாங்க. வாங்கி அஞ்சு வருஷம் ஆகலியாம். அஞ்சு வருஷத்துக்குள்ள வித்தா நான் வியாபாரியாம்."

"நீ வியாபாரிதானே?"

"பலகாரத்துக்கு வியாபாரி. வீட்டுக்கா?"

அந்த அலுவலகத்தில் வேலை பார்த்த ஒரு பெண் லமோமின் பலகாரத்துக்கு வாடிக்கை. அவள்தான் காதில் போட்டாள். விற்கிறவர் பெயர் அந்த வீட்டின் புத்தகத்தில் ஒரு வருடம் இருந்திருந்தால் அவர் குடியிருந்த வீட்டை விற்கிறார் என்று கணக்கு; அந்த வரி கிடையாது. எங்கள் நாட்டில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு நீலப் புத்தகம் உண்டு. அந்த வீட்டில் யார் யார் என்று அதில் இருக்கும். ஒரு ஆள் ஒரு புத்தகத்தில்தான் இருக்க முடியும். ஆக, ஒரு பெயருக்கு ஒரு வீடு.

லமோம் தன் சொந்தபந்தம் முழுவதையும் ஒருமுறை மனதில் ஓட்டிப் பார்த்திருக்க வேண்டும். அதற்குப் பிறகு அவள் வாங்கிய ஒவ்வொரு வீடும் ஒவ்வொருவர் பெயரில். பணம் அவளுடையது, பத்திரம் நம்முடையது. நம் பெயர் நம் வீட்டுப் புத்தகத்திலிருந்து கிளம்பி அந்த வீட்டுப் புத்தகத்துக்குப் போகும். ஒரு வருடம் கழித்து அவள் ஆள் பிடித்து விற்பாள், நாம் போய்க் கையெழுத்துப் போடுவோம், அவள் ஒரு மோதிரம் வாங்கிக் கொடுப்பாள். சமானின் மூத்த அக்கா பெயரில் ஒன்று. என் பெயரில் ஒன்று. நான் அந்த வீட்டைப் பார்த்தது ஒரே முறை, சாவி தொலைந்தபோது. அந்த வருடம் தேர்தல் வந்தது. ஓட்டும் அந்தப் புத்தகத்தின்படிதான் என்பதால் இரண்டு பஸ் மாறிப் போய் முன்பின் தெரியாத ஒரு ஆளுக்கு ஓட்டுப் போட்டேன். அங்கே இருந்த தலையாரி என்னைப் பார்த்து, "அம்மா எந்த வீடு?" என்றான். எனக்கு நம்பர் மறந்துவிட்டது. "பச்சைக் கேட்டு," என்றேன். அந்தத் தெரு முழுக்கப் பச்சைக் கேட்டு.

ஐந்தாறு வீடு இப்படிப் போனது. எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது, கம்பொல் விஷயம் வரைக்கும். கம்பொல் சமானின் அக்கா மகன். நல்ல பையன், வாய் பேசாதவன். அவன் பெயரில் வாங்கியபோது அவனுக்குக் கல்யாணம் ஆகியிருந்ததை லமோம் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. விற்கிற அன்று அதிகாரி, பெண்சாதி கையெழுத்தும் வேண்டும் என்றார். கல்யாணத்துக்குப் பிறகு வாங்கியது இருவருக்கும் பொது என்று சட்டமாம். அவன் மனைவி சுச்சாடா பேனாவை எடுத்து மூடியைக் கழற்றி, திரும்ப மூடினாள்.

"அத்தை, என் கையெழுத்துக்கு எவ்வளவு?"

"என்னடி பேசுற? அது என் வீடு."

"பத்திரத்துல உங்க பேரு எங்க இருக்குன்னு காட்டுங்க. நான் கண்ணாடி போட்டுப் பாக்குறேன்."

கம்பொல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். வாங்குகிறவர் கடிகாரத்தைப் பார்த்தார். லமோம் கடைசியில் மூன்றில் ஒரு பங்கு கொடுத்துவிட்டு வந்தாள். வரியாகக் கொடுத்திருந்தால் அதில் பத்தில் ஒன்றுகூட வந்திருக்காது. நான் அதைச் சொன்னபோது அவளுக்குக் கோபம் வந்தது.

"அது களவு. வரி வேற. கவர்ன்மென்ட் என்கூட அடுப்படியில உக்காந்து பாகு கிண்டுச்சா, பங்கு கேக்குறதுக்கு?"

அதற்குப் பிறகு மனைவி உள்ள பெயரும் புருஷன் உள்ள பெயரும் வேண்டாம் என்று வைத்துவிட்டாள். என் கணவர் அப்போது உயிரோடு இருந்தார், ஆகவே என் பெயரும் அந்தக் கணக்கிலிருந்து போனது.

சமான் செத்தான். பெரிய வெள்ளத்தில் ஒரு வீட்டில் இடுப்பளவு தண்ணீர் இரண்டு மாதம் நின்றது. பிறகு ரயில் வருகிறது என்றார்கள். சாலை நடுவில் ரயில் பாதைக்கான தூண்கள் எழுந்து நின்றன. நிலையம் எங்கே வரும் என்று எல்லோருக்கும் தெரிந்ததற்கு ஒரு மாதம் முன்பே லமோமுக்குத் தெரிந்திருந்தது. அதற்கு எதிரே ஒரு மூலைக் கடைவீடு, மூன்று மாடி, நாற்பத்தாறு லட்சம். மீதியிருந்த எல்லாவற்றையும் விற்று அதில் போட்டாள். போதாததற்குத் தான் குடியிருந்த வீட்டையும் அடுத்து விற்பதாக ஏற்பாடு. அதுவரை அவள் பெயர் அந்தப் பழைய வீட்டுப் புத்தகத்திலேயே இருந்தாக வேண்டும். மகள் ராட்ரி பெயரில் போடலாம் என்றால் அவள் புருஷனின் லாரிக் கடனுக்கு அவள் ஜாமீன் போட்டிருந்தாள். கடன்காரன் வீட்டைத் தூக்கிவிடுவான்.

"யார் பேரு மிச்சம்?" என்று கேட்டேன்.

"சாமி பேரு."

"சாமி எதுக்கு? அவர் துறந்தவரு."

"அதனாலதான். பெண்டாட்டி கிடையாது, கடன் கிடையாது, குடி கிடையாது, சூதாட்டம் கிடையாது. நம்ம சொந்தத்துல அப்படி வேற ஒரு ஆம்பளையைக் காட்டுங்க பாப்போம்."

காட்ட முடியவில்லை.

"ஆனா சாமிங்க சொத்து விகாரைக்குப் போகும்னு சொல்வாங்களே."

"அது ஜனங்க காணிக்கையாக் குடுத்தது, சம்லி அக்கா. இது நான் காசு குடுத்து வாங்குறது. காணிக்கையா குடுக்குறேன்? பேரை மட்டும் இரவல் வாங்குறேன்."

எனக்கு அது சரியென்றுதான் பட்டது. இரவல் வாங்குவதில் என் பெயரும் போய்த் திரும்பியிருக்கிறதே.

பத்திரத்தன்று நானும் போனேன். சாமி வந்ததும் பெஞ்சியில் இருந்தவர்கள் எழுந்து இடம் விட்டார்கள். அதிகாரி பெண். பெண் கையிலிருந்து அவர் நேரே எதையும் வாங்க மாட்டார் என்பதால் மேசையில் ஒரு துணியை விரித்து அதன்மேல் காகிதத்தையும் பேனாவையும் வைத்து நகர்த்தினாள்.

"சாமி, இது உங்க சொந்தப் பணத்துல வாங்குறதா, இல்ல விகாரைப் பணமா? எழுதணும்."

அவர் அக்காவைப் பார்த்தார். அக்கா தன் கைப்பையின் கொக்கியைப் பார்த்தாள்.

"சொந்தம்," என்றார்.

திரும்பும்போது வண்டியில் அவர் முன்னால் உட்கார்ந்திருந்தார். லமோம் பின்னாலிருந்து, "ஒரு வருஷம் சாமி, ஒரே வருஷம்," என்று மட்டும் சொன்னாள்.

ஒரு வருடத்தில் முடியவில்லை. விகாரைப் புத்தகத்திலிருந்து சாமியின் பெயரை எடுத்துக் கடைவீட்டுப் புத்தகத்தில் போட விகாரைத் தலைவர், நாங்கள் பெரிய சாமி என்போம், கையெழுத்துப் போட வேண்டும். அவர் போடவில்லை.

"துறவிக்கு வீடு விகாரைதான், தாயே. ரயிலடிக்கு எதிர்ல அவருக்கு என்ன வீடு?"

லமோம் கும்பிட்டுவிட்டு எழுந்து வந்துவிட்டாள். காரணம் சொன்னால் எல்லாம் சொல்ல வேண்டி வரும். நில அலுவலகத்தில் போய், தம்பி பெயரிலிருந்து தன் பெயருக்கு மாற்ற என்ன ஆகும் என்று கேட்டாள். பழைய வாடிக்கைப் பெண் வேலையை விட்டுப் போயிருந்தாள், புதுப் பையன் கணக்குப் போட்டுச் சொன்னான். மாற்றுக் கட்டணம், வருமான வரி, ஐந்து வருடம் ஆகாததால் அந்தப் பழைய வரி, எல்லாம் சேர்ந்து இரண்டரை லட்சத்துக்கு மேல். ஐந்து வருடம் ஆகிவிட்டால் பெரிய வரி கழிந்துவிடும்.

"அப்ப அஞ்சு வருஷம் அவர் பேர்லயே கிடக்கட்டும்," என்று என்னிடம் சொன்னாள். "அஞ்சு வருஷம் என்ன, கண்ணை மூடித் திறந்தா ஓடிரும். நம்ம ஆயுசுல எத்தனை அஞ்சு பாத்தாச்சு."

பழைய வீட்டை வரியில்லாமல் விற்றாள். மகளையும் இரண்டு பேரப்பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு கடைவீட்டுக்கே குடிவந்தாள். கீழே பலகாரக் கடை, மேலே குடித்தனம். ரயில் ஓடத் தொடங்கியது. எதிர் நிலையத்திலிருந்து இறங்குகிற பெண்கள் அலுவலகத்துக்குப் போகும் வழியில் பாகில் வார்த்த முட்டைக் கரு இழையும் தேங்காய்ப்பால் அல்வாவும் வாங்கினார்கள். வீட்டுத் தரகன் ஒருவன் வாரம் ஒருமுறை வருவான்.

"பெரியம்மா, எழுபத்திரண்டு லட்சம். ரொக்கம். இன்னிக்கே."

"அஞ்சு வருஷம் ஆகட்டும்."

"ரெண்டு லட்சத்துச் சொச்சம் வரிக்காக இருபத்தாறு லட்சம் லாபத்தை ஊறப்போடுறீங்களே. ஊறுகாயா அது?"

"ஊறட்டும். ஊறினா இன்னும் ருசி. நீ அல்வா வாங்குறியா இல்லியா?"

அவன் வாங்கிக்கொண்டு போவான். அவள் அப்போதே விற்றிருக்கலாம். இன்றுவரை அதை அவளிடம் யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

சாமிக்குச் சர்க்கரை நோய் இருப்பது நான்காவது வருடக் கடைசியில்தான் தெரிந்தது. காலில் கட்டைவிரல் பக்கம் ஒரு சின்னக் காயம். ஆறவில்லை. துறவிகளுக்கு இது நிறைய வருகிறது என்று மருத்துவர் சொன்னார். பிச்சைப் பாத்திரத்தில் விழுவதை வேண்டாம் என்று சொல்ல முடியாது, விழுவதெல்லாம் இனிப்பு. காலையில் பிச்சைக்கு வரும்போது லமோம் முப்பது வருடமாகத் தன் கையால் பலகாரம் போட்டிருக்கிறாள். அவர்கள் தாய்க்குப் பிடித்தது அது. பாத்திரத்தில் போட்டால் தாய்க்குப் போய்ச் சேரும். மருத்துவர் சொன்ன பிறகு சோறும் அவித்த மீனும் போட்டாள். மற்றவர்கள் போட்டுக்கொண்டுதான் இருந்தார்கள், பாதிப்பேர் அவள் கடையில் வாங்கிய பலகாரத்தையே. யாருக்கு வாங்குகிறீர்கள் என்று அவள் ஒவ்வொருவரையும் கேட்க முடியுமா.

ஒரு நாள் நாங்கள் இருவரும் விகாரைக்குப் போயிருந்தோம். சாமி காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். கட்டுப் போட்ட கால்.

"அக்கா, நான் ஒரு காகிதம் எழுதி வச்சுடறேன். எனக்கப்புறம் அந்த வீடு உங்களுக்குன்னு. பெரிய சாமிகிட்ட கேட்டேன், துறவி உயில் எழுதலாம்னு சொன்னாரு."

லமோமின் முகம் மாறிவிட்டது.

"அச்சானியமாப் பேசாதீங்க சாமி. உயிரோட இருக்குறவங்க சாவுக் காகிதம் எழுதுவாங்களா? எழுதினா அது கூப்பிட்டுக்கிட்டே இருக்கும்."

"கூப்பிட்டாலும் கூப்பிடாட்டியும் வர்றது வரும்."

"வராது. நான் வளத்த உடம்பு அது. எனக்குத் தெரியும்."

"அப்ப நில ஆபீசுக்குப் போலாம். நான் நடந்து வர்றேன். உங்க பேருக்கே எழுதிக் குடுத்துடறேன். எனக்கும் அது ஒரு பாரம்."

"பதினொரு மாசம்தான் சாமி பாக்கி. பதினொரு மாசத்துக்காக ரெண்டரை லட்சத்தைத் தூக்கிக் குடுக்கவா?"

நான் குறுக்கே, "குடுத்துத் தொலையேன் லமோம். அவர் மனசுக்கு நிம்மதி," என்றேன்.

"உங்களுக்கு என்ன, சொல்லிட்டுப் போயிருவீங்க. ரெண்டரை லட்சத்துக்கு எத்தனை பானை கிண்டணும்னு என் தோளைக் கேளுங்க."

அவள் தோள் வலது பக்கம் ஒரு விரற்கடை இறங்கித்தான் இருக்கும். சாமி அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

கால் கறுத்தது. விரலை எடுத்தார்கள், பிறகு பாதத்தில் பாதியை. மருத்துவமனையில் துறவிகளுக்குத் தனி வார்டு. லமோம் கடையை மகளிடம் விட்டுவிட்டுக் காலையிலிருந்து சாயங்காலம் வரை கட்டிலுக்கு எட்டாத தூரத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் இருந்தாள். காலைத் துடைத்துவிடுவது, புரட்டிப் படுக்கவைப்பது எல்லாம் ஆண் உதவியாளர்கள். ஒருமுறை அவர் தண்ணீர் கேட்டார். உதவியாளர் வெளியே போயிருந்தான். அவள் டம்ளரை எடுத்துத் துணிமேல் வைத்து, துணியின் நுனியைப் பிடித்து அவர் பக்கம் நகர்த்தினாள். அவரால் எட்டி எடுக்க முடியவில்லை. உதவியாளர் வரும்வரை இருவரும் அந்த டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அன்று நடைபாதையில் அவளைப் பிடித்துக் கேட்டேன். "நில ஆபீஸ்காரரை இங்கயே கூட்டிட்டு வரலாமாம். கையெழுத்து வாங்கிக்கலாமாம். என் பையன் விசாரிச்சான்."

"ஏழு மாசம்தான் பாக்கி, சம்லி அக்கா."

"லமோம்."

"செத்துப் போவாருன்னு நெனச்சுக் கையெழுத்து வாங்க வந்தேன்னு அவருக்குத் தெரியாதா? தெரியும். அவர் கண்ணு முன்னாடி அதை எப்படிச் செய்வேன்? நீங்க செய்வீங்களா?"

அவளுக்கு எது பெரிதாக இருந்தது, ஏழு மாத வரியா, தம்பியின் கண்ணா, எனக்குத் தெரியாது. இரண்டும் ஒன்றாகக் கலந்து போயிருந்தது. அவளுக்கும் தெரிந்திருக்காது. மறுவாரம் புதன்கிழமை சாமி போய்விட்டார். ஐம்பத்துநாலு வயது.

தகனம் ஏழாம் நாள். நூறாம் நாள் சடங்குவரை யாரும் வீட்டுப் பேச்சை எடுக்கவில்லை. அது முடிந்த பிறகு லமோம் இறப்புச் சான்றும் பத்திரமும் எடுத்துக்கொண்டு நில அலுவலகம் போனாள், கூடப்பிறந்தவள் என்ற முறையில் தன் பெயருக்கு மாற்ற. இறந்தவரிடமிருந்து வாரிசாக வந்தால் அந்தப் பெரிய வரி கிடையாது என்று யாரோ சொல்லியிருந்தார்கள். நான் கூடப் போனேன். அதே பையன். பத்திரத்தைப் புரட்டினான், இறப்புச் சான்றைப் பார்த்தான், தேதிகளைப் பார்த்தான்.

"அம்மா, இவர் எந்த வருஷம் துறவி ஆனாரு?"

சொன்னாள்.

"நடுவுல காவித் துணியைக் களையவே இல்லியா?"

"இல்ல."

அவன் எழுந்து உள்ளே போய்த் தன் மேலதிகாரியைக் கூட்டி வந்தான். அவர் வயதானவர், மரியாதையாகப் பேசினார். "அம்மா, துறவியா இருக்கும்போது சேர்ந்த சொத்து, அவர் உயில் எழுதாம, யாருக்கும் குடுக்காம இறந்துட்டா, அவர் இருந்த விகாரைக்குப் போகும். காணிக்கையா வந்ததா, காசுக்கு வாங்கினதான்னு சட்டம் பாக்குறதில்லை. கூடப்பிறந்தவங்களுக்கு உரிமை இல்ல."

"அது என் காசுங்க."

"பத்திரத்துல அவர் சொந்தப் பணம்னு இருக்கு. அவரே சொல்லியிருக்காரு."

வெளியே வந்து படியில் உட்கார்ந்தாள். நான் பிளாஸ்டிக் பையில் ஒரு பனிக்கட்டித் தேநீர் வாங்கி வந்தேன். அதைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தாள், பனிக்கட்டி கரைந்து பையிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது.

பெரிய சாமியிடம் போனோம். அவர் கெட்டவர் இல்லை.

"தாயே, நான் குடுக்கணும்னு நெனச்சாலும் முடியாது. விகாரைக்குன்னு ஆன மண்ணை நான் யாருக்கும் எழுதிக் குடுக்க முடியாது. அதுக்கு எனக்கு அதிகாரம் இல்ல."

"உயில் எழுதலாம்னு நீங்கதான் அவருகிட்ட சொன்னீங்களாமே."

"சொன்னேன். எழுதினாரான்னு கேட்டேன். அக்கா வேணாங்குறாங்கன்னாரு."

ராட்ரிதான் வழக்கறிஞரைப் பிடித்தாள். வெட்டியாகப் பேசுகிறவர் இல்லை. வழி ஒன்று இருக்கிறது என்றார். தம்பி வெறும் பெயருக்குத்தான், வீடு உண்மையில் அக்காவுடையது என்று நீதிமன்றத்தில் நிரூபிக்க வேண்டும். வங்கியில் அவள் பணம் எடுத்த தேதி இருக்கிறது. இதற்கு முன் இப்படியே பெயர் மாற்றி வாங்கிய உறவினர்கள் சாட்சி சொல்லலாம். சுச்சாடாகூடச் சொல்வாள், மூன்றில் ஒரு பங்கு வாங்கியதைச் சொல்லாமல். நான் சொல்லத் தயாராக இருந்தேன்.

"பழைய வீடுகளுக்கு வரிக்காரன் திரும்பி வரலாம்," என்றார் வழக்கறிஞர். "அபராதம் வரும். ஆனா வீடு கிடைச்சா அதைச் சமாளிச்சுக்கலாம்."

லமோம், "வரட்டும்," என்றாள். பிறகு, "கோர்ட்ல சாமியைப் பத்தி என்ன சொல்லணும்?" என்று கேட்டாள்.

"அவர் அன்னிக்குச் சொந்தப் பணம்னு சொன்னது உண்மை இல்லன்னு."

"பொய்னு."

"ஆமா. அதுதான் வழக்கே. அதிகாரி முன்னாடி தெரிஞ்சே பொய் சொல்லிக் கையெழுத்துப் போட்டாருன்னு நாமதான் நிரூபிக்கணும். விகாரைத் தரப்பு, அப்படிச் செய்யக்கூடியவர் இல்லன்னு சொல்வாங்க. அவரோட இருந்த துறவிகளையே கூப்பிடுவாங்க."

லமோம் மேசைமேலிருந்த பத்திரத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"முப்பத்துநாலு வருஷம் காவித் துணி உடுத்தியிருந்தாரு. பொய் சொல்லாதேங்கிறதைத் தினம் ஓதிக்கிட்டிருந்தவரு. ஒரே ஒரு தரம் சொன்னாரு, எனக்காக. அதையும் நானே போய் நாலு பேருக்கு முன்னாடி நிரூபிக்கணுமா?"

ராட்ரிக்கு ஆத்திரம். "அம்மா, செத்தவருக்கு ஒண்ணும் ஆகாது. எங்களுக்கு வீடு போகுது. ரெண்டு புள்ளைங்களை வச்சுக்கிட்டு நான் எங்க போவேன்?"

"தெரியும்டி."

"வரி குடுக்க மாட்டேன், வரி குடுக்க மாட்டேன்னு இருபது வருஷம் ஊரை ஏமாத்துன ஆளு, இப்ப ஒரு உண்மையைச் சொல்ல மாட்டேங்குறீங்க."

 மகள் சொன்னதில் தப்பில்லை. ஆனாலும் லமோம் வழக்குப் போடவில்லை. வழக்கறிஞர் இன்னொரு முறை ஆள் அனுப்பிக் கேட்டார். வேண்டாம் என்று சொல்லி அனுப்பினாள்.

பத்திரம் விகாரை பெயருக்கு மாறியது. விகாரைக் குழுவில் பொருளாளராக இருந்த இரும்புக்கடைக்காரர் ஒருவர் அளவு நாடாவோடு வந்து மூன்று மாடியையும் அளந்தார். லமோமைப் பார்த்ததும் கைகூப்பினார். ராட்ரி அந்த மாதமே பிள்ளைகளோடு ராயோங்கில் தொழிற்சாலை வேலைக்குப் போய்விட்டாள். வருடப் பிறப்புக்குப் போன் பண்ணுவாள்.

தரகன் கடைசியாக ஒருமுறை வந்தான், அல்வா வாங்க. ஐந்து வருடம் முடிந்த மாதம் அது. அவனுக்கு விஷயம் தெரியாது. "பெரியம்மா, இப்ப வித்துரலாமா? இப்ப எண்பது சொல்றாங்க," என்றான். அவள் அல்வாவை வாழையிலையில் மடித்துக் கொடுத்தாள். "வீட்டுக்காரரைக் கேளுப்பா," என்றாள். காசு வாங்க மறந்துவிட்டாள்.

லமோமுக்கு இப்போது எழுபத்தொன்று. கடைவீட்டின் மேல் இரண்டு மாடியிலும் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிற பள்ளி நடக்கிறது, கீழே முன்பக்கம் கைப்பேசிக் கடை. பின்பக்கம் அடுப்பு இருந்த அறையில் அவள் விகாரையின் வாடகைக்காரியாக இருக்கிறாள். மாதம் மூவாயிரம் பாட்.